கடை வாசல் கல்லுக்கு ஆசிட் ஊற்றலாமா?

வரி, உரிமம், எடையளவு முத்திரை என்று விவரம் அறிந்தவர்கள் எழுதும் பக்கங்களில் நான் எழுத வந்திருப்பது மிகச் சாதாரணமான ஒரு விஷயம். நாம் தினமும் மிதித்து நடக்கிற கடை வாசல் தளத்தைப் பற்றி. சரஸ்வதி பூஜை நெருங்கினால் ஒட்டடை அடிப்போம், தராசைத் துலக்குவோம், கடைசியாக வாசல் கல்லைப் பார்த்துவிட்டு, "என்னடா இப்படிக் கறுத்துக் கிடக்கு, ரெண்டு பாட்டில் ஆசிட் எடுத்து ஊத்து" என்று பையனிடம் சொல்லிவிடுவோம். அப்படிச் சொல்லி அனுபவித்தவன் நான்.

எங்கள் மொத்தக் கடையின் வாசலுக்கு என் தகப்பனார் 1988-இல் கடப்பைக் கல் போட்டார். ஆந்திராவின் கடப்பை மாவட்டத்திலிருந்து வரும் கறுப்புக் கல். நன்றாக இழைத்துப் போட்டதால் எட்டு வருஷம் கண்ணாடி மாதிரி இருந்தது. 1996 சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள், எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை என்று நானே ஆசிட் ஊற்றச் சொன்னேன். ஊற்றியதும் நுரை பொங்கியது. "அழுக்கு பொங்கி வருது முதலாளி" என்றான் பையன். எனக்கும் திருப்தி. கழுவிவிட்டுக் காய்ந்த பிறகு பார்த்தால் கறுப்புக் கல் சாம்பல் பூசினது போல வெளுத்து, தடவினால் சொரசொரவென்று இருந்தது. பொங்கியது அழுக்கல்ல, கல்.

இதன் காரணத்தை ஒரு கல் வியாபாரி பிறகுதான் விளக்கினார். கடப்பைக் கல் என்பது சுண்ணாம்புக் கல் வகை. தெலங்கானாவின் தாண்டூர் கல், கர்நாடகத்தின் ஷாகாபாத் கல், ராஜஸ்தானின் கோட்டா கல் எல்லாம் அதே இனம். சலவைக்கல் என்கிற மார்பிளும் சுண்ணாம்புச் சத்துதான். ஆசிட் பட்டால் சுண்ணாம்பு கரைந்து கரியமில வாயு கிளம்பும். அந்த நுரைதான் நாம் பார்ப்பது. பளபளப்பு என்பது கல்லின் மேற்பரப்பு சமமாக இருப்பதால் வருவது. மேற்பரப்பே அரித்துப் போனால் எந்த சோப்புப் போட்டும் திரும்பாது. மெஷின் வைத்து மறுபடி இழைத்து பாலிஷ் போடுவதுதான் வழி. ஆசிட் பாட்டிலின் விலையையும் பாலிஷ் கூலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், அந்த வருஷம் நான் எவ்வளவு சிக்கனம் பிடித்தேன் என்று.

கிரானைட் வேறு இனம். கிருஷ்ணகிரி பக்கத்திலும் பிற ஊர்களிலும் வெட்டுகிற கிரானைட் நெருப்பில் உருகி இறுகிய பாறை. சாதாரண ஆசிட் அதைச் சட்டென்று அரிக்காது. ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் உள்ள பூச்சு சிமென்ட்தானே? சிமென்ட்டிலும் சுண்ணாம்பு இருக்கிறது. ஆசிட் அதைத் தின்றுவிடும். இடுக்கு திறந்தால் மழைத்தண்ணீர் அடியில் இறங்கும், கல் ஆட ஆரம்பிக்கும். ஆகவே கிரானைட்டுக்கும் ஆசிட் வேண்டியதில்லை. துருக்கறை நீக்கும் மருந்து என்று விற்கிற சில திரவங்களில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் இருக்கும். அது கிரானைட்டையே அரிக்கும், மனிதன் கையில் பட்டால் எலும்பு வரை பாதிக்கும். அதைக் கடைக்குள்ளேயே சேர்க்காதீர்கள்.

நம் வாசலில் இருப்பது எந்தக் கல் என்று தெரியாவிட்டால், ஒரு மூலையில் எலுமிச்சம்பழச் சாறு ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிஷம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். பளபளப்பு மங்கி ஒரு வட்டம் தெரிந்தால் சுண்ணாம்புக் கல். ஒன்றும் ஆகாவிட்டால் கிரானைட்டாகவோ டைலாகவோ இருக்கலாம். யார் கண்ணிலும் படாத மூலையாகப் பார்த்து விடுங்கள். அந்த வட்டம் அப்படியே நிற்கும்.

எலுமிச்சைக்கே மங்குகிற கல் புளிக்கு என்ன ஆகும் என்று மளிகைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புளிச் சிப்பத்தை வெறும் கடப்பைக் கல்லில் இறக்கி வைத்து, மழை ஈரத்தில் கசிந்தால், சாக்கின் அச்சு கல்லில் விழுந்துவிடும். ஊறுகாய் ஜாடிக்கும் இதே கதைதான். அடியில் ஒரு பலகையோ தார்ப்பாயோ போட்டால் போதும்.

இப்போது வாசலுக்குப் பலரும் போடுவது டைல்ஸ். விட்ரிஃபைட் என்றும் போர்சலின் என்றும் சொல்கிறார்கள். குஜராத்தில் மோர்பி என்ற ஊரிலிருந்து லாரி லாரியாக வருகிறது. மிக அதிகச் சூட்டில் சுட்டு இறுக்கியதால் இதன் உடம்பு நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்காது. எனவே இதற்கு மேலே சீலர் பூச வேண்டிய அவசியமே இல்லை. பூசினாலும் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே பிசுபிசுவென்று நின்று, நடக்கிற செருப்பின் புழுதியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். டைல்ஸ் போட்ட பிறகு வெள்ளையாக ஒரு மங்கல் படிந்திருந்தால், அது பெரும்பாலும் இடுக்கில் பூசிய சிமென்ட்டின் படலம். அதற்கென்று மென்மையான நீக்கி விற்கிறது. தளத்தை முதலில் தண்ணீரால் நனைத்துவிட்டு, சொல்லியிருக்கிற அளவில் கலந்து, சீக்கிரம் கழுவிவிட வேண்டும். இதுவும் அமிலம்தான் என்பதால் பக்கத்தில் கடப்பைக் கல் படி இருந்தால் அதில் வழியக்கூடாது.

டைல்ஸ் வாங்கும்போது பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, பிடிப்பை. உள்ளே போடுகிற மினுமினுப்பு டைலை வாசலில் போட்டால் முதல் மழையிலேயே யாராவது விழுவார்கள். வழுக்காமைக்கு ஆர் 9 முதல் ஆர் 13 வரை குறியீடு உண்டு. வெளி வாசலுக்கு ஆர் 11 கேட்டு வாங்குங்கள். கிரானைட்டிலும் நெருப்பில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய பரப்பு கிடைக்கிறது. வண்டி ஏறுகிற சரிவுக்கு அதுதான் ஏற்றது. தளத்துக்குத் தெருப் பக்கம் வாட்டம் இருக்க வேண்டும். பத்து அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் தேங்காது.

இனி கழுவுவது. முதலில் துடைப்பம், பிறகுதான் தண்ணீர். சர்க்கரையும் மணலும் கிடக்கிற தளத்தில் நேராக ஈரத்துணி போட்டு இழுத்தால் அது உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். கட்டி சோப்பு வேண்டாம். நம் ஊர்க் கடின நீரோடு சேர்ந்து அது ஒரு வெள்ளைப் படலத்தை விட்டுப் போகும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மூடி, ஒரு வாளித் தண்ணீர், தென்னந்துடைப்பமோ நைலான் பிரஷ்ஷோ, அவ்வளவுதான். கம்பி பிரஷ் கூடாது. அது கல்லைக் கீறும், உதிர்ந்த கம்பித் துண்டு துருப்பிடித்துப் புள்ளியும் விழும். வாகனம் கழுவுகிற அழுத்தத் தண்ணீர் மெஷினை இடுக்கின் மேல் கிட்டத்தில் பிடிக்காதீர்கள், பூச்சு பெயர்ந்துவிடும்.

மளிகைக் கடை வாசலின் முதல் எதிரி எண்ணெய். டின் கசிந்து எண்ணெய் கொட்டியதும் நாம் செய்கிற தவறு துணியால் தேய்ப்பது. ஒரு சாண் கறை ஒரு முழம் ஆகிவிடும். தேய்க்காமல் மரத்தூளோ தவிடோ காய்ந்த மண்ணோ அள்ளிக் கொட்டி உறிஞ்ச விட்டு, அள்ளி எடுத்து, மறுபடி கொட்ட வேண்டும். அதன் பிறகுதான் சோப்புத் தண்ணீர். பழைய கறையாக இருந்தால் பற்றுப் போட வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற முல்தானி மெட்டியைப் பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும் விட்டு இட்லி மாவுப் பதத்தில் குழைத்து, கறை மேல் கால் அங்குலத்துக்கு அப்பி, பாலிதீன் தாள் போட்டு ஓரத்தை ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்துத் தாளை எடுத்துவிட்டு முழுவதும் காய விட வேண்டும். காயும்போதுதான் அது கல்லுக்குள் இருக்கிற எண்ணெயை மேலே இழுக்கும். மரச் சட்டத்தால் சுரண்டி எடுங்கள். ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை பொறுமையாகச் செய்ய வேண்டும். வெள்ளை மார்பிளாக இருந்தால் முல்தானி மெட்டியின் மஞ்சள் சாயல் ஏறலாம் என்பதால் அதற்குச் சாக்குக்கட்டித் தூளே நல்லது.

மஞ்சள் தூள் கொட்டினால் பதற வேண்டாம். சோப்புப் போட்டதும் அது சிவப்பாக மாறும், அதைப் பார்த்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். அலசிவிட்டு விட்டுவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. வெயில் விழுகிற வாசலாக இருந்தால் சில நாளில் தானே மங்கும். வெல்லப் பாகு வெந்நீரில் போய்விடும், தாமதித்தால் எறும்பு மொய்த்துவிடும் என்பதைத் தவிர அதில் கவலை இல்லை. எடைக்கல், டின் அடி, இரும்பு ஸ்டாண்டு ஆகியவற்றால் வருகிற துரு அப்படியல்ல. கிரானைட்டில் ஆக்ஸாலிக் அமிலப் பற்றுப் போட்டு எடுக்கலாம், கடப்பையில் அதுவும் கல்லை மங்கச் செய்யும். கோலத்துக்கு இடுகிற காவியும் இரும்புச் சத்துள்ள மண்தான், வெயிலுக்கு மங்காது. அரிசி மாவுக் கோலம் எந்தக் கல்லுக்கும் தீங்கு செய்யாது. வீட்டுப் பெண்களிடம் சொல்லிவிட்டால் காவியைப் பொங்கலோடு நிறுத்திக்கொள்வார்கள்.

கல்லுப்பு மூட்டை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உப்பு ஈரம் இழுக்கும். அந்த உப்புத் தண்ணீர் கல்லுக்குள் இறங்கி, காயும்போது பரல் பரலாகப் பூத்து, மேல் தோலைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். கல் புதிதாகப் போட்ட இடத்திலும் சிமென்ட்டிலிருந்து வெள்ளையாக உப்புப் பூக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். பூப்பது நிற்கும் வரை சீலர் பக்கமே போகக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலில் பாசி பிடிக்கும். இதற்குப் பிளீச்சிங் பவுடர் நல்லது. பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு சின்னக் கைப்பிடி போட்டுக் கலக்கி, தெளிய விட்டு, மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்குகிற சுண்ணாம்பு மண்டி கறுப்புக் கல்லில் வெள்ளைப் படலமாக ஒட்டும். பத்து நிமிஷம் ஊற விட்டுத் தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

இதைப் படிக்கிற சில்லறைக் கடைக்காரர்கள் இங்கே கொஞ்சம் நிறுத்திக் கவனிக்க வேண்டும். என் தம்பி மகன் வைத்திருக்கிற சில்லறைக் கடைக்கு ஒரு அம்மா வந்து, பாசி போகப் பிளீச்சிங் பவுடரும் கறை போக ஆசிட்டும் சேர்த்து வாங்கிப் போனார். அவனும் கொடுத்துவிட்டான். இரண்டையும் ஒன்றாக முற்றத்தில் ஊற்றியிருக்கிறார். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சுத் திணறி, கண்ணெரிச்சலோடு அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். திறந்த முற்றமாக இருந்ததால் பிழைத்தார். குளியலறையாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு பதறுகிறது. கொடுத்த பையன் மீது நான் குற்றம் சொல்லவில்லை. அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தோம்? நம் கடைகளில் இரண்டும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து அந்தக் கடையில் இரண்டையும் வேறு வேறு மூலையில் வைத்திருக்கிறோம், இரண்டையும் சேர்த்துக் கேட்டால் காரணம் கேட்டு, கலக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுப்பது.

ஆசிட் விற்பனை பற்றிச் சட்டமும் இருக்கிறது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, வாங்குபவர் பெயர், முகவரி, அளவு எழுதிய பதிவேடு இல்லாமல் சில்லறையாக ஆசிட் விற்கக் கூடாது. அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டை பார்த்து, என்ன காரியத்துக்கு என்று கேட்டு எழுத வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. இருப்பு விவரத்தை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். முகத்தில் ஆசிட் வீசப்பட்ட பெண் ஒருவர் தொடுத்த வழக்கில் வந்த உத்தரவு அது. தளம் கழுவ ஆசிட் தேவையில்லை என்று தெரிந்துகொண்டால், இந்தச் சரக்கை வைத்திருக்க வேண்டிய அவசியமும் பாதி குறைந்துவிடும்.

இனி சீலர் விஷயம். பெயின்ட் கடையில் கேட்டால் இரண்டு விதம் காட்டுவார்கள். ஒன்று, வார்னிஷ் போல மேலே படலமாக நின்று மினுமினுக்கிற அக்ரிலிக் வகை. மற்றது, கல்லுக்குள் இறங்கி நுண்துளைகளின் சுவரில் ஒட்டி, தண்ணீரைத் தள்ளி நிறுத்துகிற சிலேன், சைலாக்சேன் வகை. இது போட்டது கண்ணுக்குத் தெரியாது. பார்வைக்கு முதலாவதுதான் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. கடப்பையை மறுபடி பாலிஷ் போட்ட பிறகு, இனி அழுக்கே ஏறக்கூடாது என்று மினுமினுப்பு வகையை வாசல் முழுக்க அடிக்கச் சொன்னேன். ஒரு மாதம் போகிறவர் வருகிறவர் எல்லாம் பாராட்டினார்கள். ஒரு மழை நாளில் 50 கிலோ சர்க்கரை மூட்டையோடு ஏறிய லோடுமேன் காலை வைத்த வேகத்தில் சறுக்கி விழுந்தார். மூட்டை அவர் முழங்கால் மேல். மூன்று மாதம் வேலைக்கு வரவில்லை. வைத்தியச் செலவும் வாரக் கூலியும் நான் கொடுத்தேன் என்பது பெரிதல்ல. திரும்பி வந்த பிறகு அவர் மூட்டை தூக்கவில்லை, தராசடியில் உட்கார்ந்து கணக்குச் சொல்லத்தான் முடிந்தது. இருபது வருஷம் எங்கள் கடையில் சுமை தூக்கிய மனிதர். அந்தப் படலமும் அதே வருஷ வெயிலில் செதில் செதிலாக உரிந்து, கீழே ஈரம் மாட்டிய இடமெல்லாம் வெளேரென்று ஆனது. சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆகவே வெளி வாசலுக்கு உள்ளே இறங்குகிற வகைதான். அதுவும் தேவையா என்று முதலில் பாருங்கள். காய்ந்த கல்லில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு ஐந்து பத்து நிமிஷம் கவனியுங்கள். தண்ணீர் பட்ட இடம் இருண்டால் கல் குடிக்கிறது, சீலர் உதவும். துளி துளியாக நின்று, துடைத்ததும் பழைய நிறம் இருந்தால் காசைச் செலவு செய்ய வேண்டாம். நெருக்கமான சில கறுப்பு கிரானைட்டுகள் சீலரைக் குடிக்கவே குடிக்காது.

காலம் தை, மாசி, பங்குனி. புதிதாகப் போட்ட தளமானால் சிமென்ட் இறுகி ஈரம் வடிய நான்கு வாரமாவது விட வேண்டும். நன்றாகக் கழுவி, இரண்டு நாள் முழுக்கக் காய விட்டு, காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் ஆரம்பியுங்கள். உச்சி வெயிலில் கல் கொதிக்கும்போது பூசினால் உள்ளே இறங்குவதற்குள் மேலேயே காய்ந்துவிடும். ஒரு மூலையில் பூசிப் பார்த்து, நிறம் மாறவில்லை என்று மறுநாள் தெரிந்த பிறகு முழுக்கப் பூசுங்கள். துணியிலோ ரோலரிலோ மெல்லியதாக. டப்பாவில் சொல்லியிருக்கிற நேரம், சாதாரணமாக ஐந்து பத்து நிமிஷம்தான், கழிந்ததும் மேலே நிற்கிறதைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இந்த ஒற்றி எடுக்கிற வேலையைத்தான் கூலிக்கு வருபவர்கள் தவிர்க்கப் பார்ப்பார்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். சீலர் நெடி பலருக்குத் தலை சுற்றும், பீடி சிகரெட் அருகில் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை என்றால் வசதி, ஒரு நாள் தண்ணீரும் கால் மிதியும் படாமல் இருக்கும். டைல்ஸ் வாசலானால் டைலை விட்டுவிட்டு, இடுக்குச் சிமென்ட்டுக்கு மட்டும் சின்ன பிரஷ்ஷால் பூசினால் போதும்.

சீலர் பூசிய பிறகும் கடப்பைக் கல்லில் புளியோ எலுமிச்சையோ ஆசிட்டோ பட்டால் கல் அரிக்கும். கறை உள்ளே இறங்குவதைத்தான் சீலர் தாமதப்படுத்தும், அமிலத்தைத் தடுக்காது. விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அதேபோல, வெளுத்த கடப்பையைக் கறுப்பாக்கக் கடலை எண்ணெய் தடவுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. இரண்டு நாள் கறுப்பாக இருக்கும், பிறகு புழுதி ஒட்டி, கால் வைத்தால் வழுக்கும்.

எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை பூச வேண்டும் என்று கேட்கிறார்கள். நடமாட்டத்தைப் பொறுத்தது. மூட்டை இறங்குகிற இடத்தில் இரண்டு மூன்று வருஷத்தில் தேய்ந்துவிடும், ஓரத்தில் இன்னும் கூட நிற்கும். வருஷா வருஷம் தை பிறந்ததும் வாசல் நடுவிலும் ஓரத்திலும் அதே கரண்டித் தண்ணீரை ஊற்றிப் பார்க்கிறேன். இந்த வருஷம் நடுவில் மட்டும் இருண்டது. நடுவில் மட்டும் பூசினோம்.